கணனி வேலைக்கு நேர்முகப் பரீட்சை: வீட்டிலே கேட்டிருக்க ஒருவர் வேண்டும்

வெங்காய நடுகைக் காலத்தில் ஒரு மாலை நாம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்து, அதன் பின்னரும் பல இடங்கள் மாறி, இன்று பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டஞ் செய்து வருகின்ற குடும்பம் அது. ஊரை விட்டு வெளிக்கிட்டபோது பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்த தாய்க்கு, இன்று பல்கலைக்கழகப் படிப்பை முடித்த ஒரு மகள் இருக்கிறாள். கணனி விஞ்ஞானம் கற்றவள். கொழும்பிலுள்ள ஒரு கம்பனி, மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவளை அழைத்திருந்தது. பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

தாய் எம்மிடம் கேட்டது இதுதான்:

"பிள்ளையைக் கொழும்பில இருந்து இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருக்கினம். எனக்கு உந்தக் கணனியைப் பற்றி ஒண்டும் தெரியாது. இரவிரவாய் இருந்து படிக்கிறாள். தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறதைத் தவிர நான் என்ன செய்யிறது?"

இதே கேள்வியை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். ஆசிரியர், கிளாக்கர், தாதி ஆகிய வேலைகளை எமது மக்கள் நன்கறிவர். அவற்றுக்கான நேர்முகப் பரீட்சை என்றால் சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கிக் கொண்டுபோய்க் காட்டி, கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்லி வருவது என்றும் அறிவர். கணனிக் கம்பனிகளின் பரீட்சை அப்படிப்பட்டதன்று. அதில் வீட்டார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அதற்குக் கணனி அறிவு வேண்டியதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கம்பனி எதைப் பார்க்கிறது?

முதலில் சுயவிபரக் கோவையைப் பார்ப்பார்கள். அதிலே தெரிவானவர்களுக்கு இணையவழியாக ஒரு பரீட்சை வைப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. ஒரு மணித்தியாலத்திலோ ஒன்றரை மணித்தியாலத்திலோ இரண்டு மூன்று கணக்குகளுக்குச் செய்நிரல் எழுத வேண்டும். செய்நிரல் என்பது, ஒரு வேலையைக் கணனி படிப்படியாகச் செய்வதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் கோவை. அதிலும் தேறியவர்களையே நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பார்கள். அங்கே ஒருவரோ இருவரோ முன்னால் இருப்பார்கள். சுவரில் வெண்பலகை இருக்கும். அல்லது இரு தரப்பினரும் ஒரே கணனித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கணக்கைத் தந்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்பார்கள். இறுதியாக ஆளைப் பற்றிய கேள்விகள் வரும்.

இம்முறை அமெரிக்கக் கம்பனிகளிலிருந்து பரவியது. ஒரு காலத்தில் மைக்ரோசொவ்ற் போன்ற இடங்களில் விடுகதைகளும் கேட்டார்கள். வீதியிலுள்ள கழிவுநீர்க் குழியின் மூடி ஏன் வட்டமாயிருக்கிறது என்பது அவற்றுள் பேர்போனது. கூகிள் நிறுவனத்தின் ஆளணிப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த லாஸ்லோ பொக் என்பவர், இவ்வாறான விடுகதைகளால் ஒரு பயனும் இல்லை என்று 2013 இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆகவே பிள்ளைகள் பழைய விடுகதைகளை மனனஞ் செய்து நாளைப் போக்க வேண்டியதில்லை.

கணக்கின் விடை மட்டும் சரியாக இருந்தால் போதுமென்று நினைப்பதும் தவறு. முன்னால் இருப்பவர் வேறு சிலவற்றையும் கவனிக்கிறார். கேள்வி தெளிவில்லாதபோது இந்தப் பிள்ளை திருப்பிக் கேட்கிறதா? தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறதா? பிழை சுட்டிக்காட்டப்பட்டால் முகங் கறுக்கிறதா, திருத்துகிறதா? நாளைக்குப் பக்கத்து மேசையில் இருந்து இந்த ஆளோடு வேலை செய்யலாமா?

வாய் திறவாத கெட்டிக்காரர்

எமது பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான். எமது பள்ளிக்கூடங்களில் கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயரெடுப்பது, சத்தமில்லாமல் இருந்து, கொப்பியில் சரியான விடையை எழுதிக் கொடுக்கும் பிள்ளை. அரைகுறையாக யோசித்ததைப் பெரியவர்களுக்கு முன்னால் சொல்வது மரியாதைக் குறைவென்று பழக்கியும் இருக்கிறோம். கூடாரத்துக்குள்ளும் தகரக் கொட்டில்களுக்குள்ளும் ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் படித்த வீடுகளில், மனத்துக்குள் படிப்பதே மற்றவருக்குச் செய்யும் உபகாரமாயிருந்தது. இப்படி வளர்ந்த பிள்ளை வெண்பலகைக்கு முன்னால் பத்து நிமிடம் பேசாமல் நின்று யோசிக்கும். மனத்துக்குள் நல்ல யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் இருப்பவருக்கோ அது தெரியாது. "ஒன்றும் தெரியவில்லை" என்று குறித்துக்கொள்வார்.

இது எமது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொவ்ற் நிறுவனமும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2020 இல் வெளியாயிற்று. 48 மாணவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வெண்பலகையில் வாய்விட்டுச் சொல்லிக் கணக்கைச் செய்தார்கள். மற்றப் பிரிவினர் தனி அறையில் தனியே இருந்து செய்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கச் செய்தவர்களின் திறன் மற்றவர்களுடையதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. இன்னொன்றும் கண்டார்கள். தனியே செய்த பெண்கள் அனைவரும் கணக்கைச் சரியாக முடித்தார்கள். பார்வைக்கு முன் செய்த பெண்களில் ஒருவரேனும் முடிக்கவில்லை. ஆய்விலே பெண்களின் தொகை சிறியதாகையால் இதை எல்லோருக்கும் பொதுவான விதியாகக் கொள்ள முடியாது. ஆயினும் பெண்பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் இதை மனத்தில் வைத்திருக்கட்டும். தடுமாற்றத்துக்குக் காரணம் அறிவுக் குறைவன்று. ஒருவருடைய பார்வைக்கு முன்னால் யோசித்துப் பழகாமையே.

பழகாததைப் பழகலாம். அதற்கு ஒருவர் முன்னால் இருந்து பார்க்கவும் கேட்கவும் வேண்டும். அவ்வளவுதான்.

நூறு கிலோ மூட்டைக் கணக்கு

நாம் போயிருந்த வீட்டில் இதை அப்போதே செய்து பார்த்தோம். மகள் ஒரு கணக்கைத் தெரிந்தெடுத்தாள். இந்தப் பரீட்சைகளில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கணக்குகளில் அது ஒன்று: ஓர் எண் தொடரும் ஒரு கூட்டுத்தொகையும் தரப்படும், கூட்டினால் அத்தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தாய்க்கு விளங்கும்படி சொல்லு என்றோம். சற்று நேரம் யோசித்துவிட்டு மூட்டைக் கணக்காக மாற்றினாள்.

"அம்மா, களஞ்சியத்தில ஆயிரம் மூட்டை கிடக்குது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு நிறை. ரண்டு மூட்டையைச் சேர்த்தால் சரியாய் நூறு கிலோ வரவேணும். அந்த ரண்டையும் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

தாய் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொண்டாய்ச் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்" என்றார்.

பரீட்சையிலும் முதலில் சொல்ல வேண்டிய விடை இதுவே. எளிய வழியை முதலிற் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, எடுத்த எடுப்பிலேயே சிறந்த வழியைத் தேடி மௌனமாகிவிடுகிறார்கள். எளிய வழி சொல்லப்பட்டால் இரு தரப்புக்கும் நிற்க ஓர் இடங் கிடைக்கிறது. பின்னர் அதன் செலவைச் சொல்ல வேண்டும். ஆயிரம் மூட்டைகளை ஒன்றோடொன்று சோடி சேர்த்தால் 4,99,500 சோடிகள் வரும். மகள் இந்தத் தொகையைச் சொன்னதும் தாயின் கை நின்றது. "அவ்வளவு தரம் தூக்கி நிறுக்கிறதுக்கு ஆள்கூலி ஆர் குடுக்கிறது?" என்று கேட்டார்.

கணனிக் கல்வியிலே இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. மூட்டை இரு மடங்கானால் வேலை எத்தனை மடங்காகும் என்று பார்ப்பது அது. இந்த வழியில் வேலை நாலு மடங்காகும். கூலி கொடுத்துத் தோட்டஞ் செய்தவருக்கு இந்தப் பாடத்தை எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழியை மகள் இப்படிச் சொன்னாள். ஒரு கொப்பியை எடுத்துக்கொள்வோம். பக்க எண்தான் நிறை. ஒரு மூட்டையை நிறுக்கிறோம், 37 கிலோ. நூறுக்கு இன்னும் 63 வேண்டும். 63 ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். அங்கே அடையாளம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால் 37 ஆம் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போகிறோம். ஒவ்வொரு மூட்டையையும் ஒரு தரம் நிறுத்தாற் போதும். நாலு இலட்சத்துச் சொச்சம் வேலை ஆயிரமாகக் குறைந்துவிட்டது. பைதன் என்ற கணனி மொழியில் இந்தக் கொப்பிக்கு அகராதி என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்துக்கும் நேரே போகலாம் என்பதே அதன் சிறப்பு.

பிறகு மகள் கொப்பியில் செய்நிரலை எழுதினாள். ஒவ்வொரு வரியையும் தாய்க்கு வாசித்துச் சொன்னாள்: முதலில் நிறையைக் கொப்பியில் எழுதுகிறேன், பிறகு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

தாய் கேட்டார்: "அம்பது கிலோ மூட்டை ஒண்டே ஒண்டுதான் கிடக்குதெண்டால்?"

மகள் பதில் சொல்ல வாயெடுத்து, நின்றுவிட்டாள். அவள் எழுதியபடி 50 ஆம் பக்கத்தில் முதலில் அடையாளம் விழும். நூறுக்கு மிச்சம் 50. அதே பக்கத்தைப் புரட்டினால் அடையாளம் இருக்கும். ஒரே மூட்டையை இரண்டு தரம் எண்ணி, விடை கிடைத்தது என்று செய்நிரல் சொல்லிவிடும். இரண்டு வரிகளின் ஒழுங்கு மாறியிருந்தது. முதலில் பார்க்க வேண்டும், பின்னரே எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்த பிள்ளையின் செய்நிரலில் இருந்த பிழையை, கணனியை ஒருநாளும் தொட்டறியாத தாய் கண்டுபிடித்தார். அவரோ தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்து மகளுடைய முகத்தைப் பார்த்தார்.

கணனித் துறையினரிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. 1999 இல் அன்ட்ரூ ஹன்ற், டேவிட் தோமஸ் என்ற இருவர் எழுதிய புத்தகத்தின் மூலம் அது பரவியது. செய்நிரலில் பிழை எங்கே என்று தெரியாதபோது, மேசையிலே ஒரு றப்பர் தாராக்குஞ்சை வைத்து, அதற்கு ஒவ்வொரு வரியையும் விளங்கப்படுத்த வேண்டுமாம். சொல்லும்போதே பிழை தெரிந்துவிடும். பெரிய கம்பனிகளின் பொறியியலாளர்களும் இதைச் செய்கிறார்கள். எமது வீடுகளில் றப்பர் தாரா இல்லை. ஆனால் "ஏன் அப்படி?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய தாய், தகப்பன், அம்மம்மா இருக்கிறார்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

நாளுக்கு ஒரு கணக்கு. அரை மணித்தியாலம் போதும். பிள்ளை எழுந்து நின்று சொல்லட்டும். வீட்டார் ஒருவர் முன்னால் இருந்து கேட்கட்டும். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். விளங்கியதுபோலத் தலையாட்டாதீர்கள். ஒன்றுமே கேட்கத் தோன்றாவிட்டால் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால்? ஒரேமாதிரி இரண்டு இருந்தால்? பரீட்சகர்களும் இவற்றையே கேட்கிறார்கள். பிள்ளை பேசாமல் நின்றால், "இப்ப என்ன யோசிக்கிறாய்?" என்று மெதுவாகக் கேளுங்கள். பிழை விட்டால் சிரிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். வீட்டாருக்கு விளங்கும்படி சொல்ல உதாரணந் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வரிசை என்பது நிவாரண அரிசிக்கு நாம் நின்ற வரிசைதான். முதல் வந்தவர் முதற் போவார். அடுக்கு என்பது மூட்டை அடுக்கு. கடைசியாக ஏற்றியதை முதலில் இறக்காமல் அடியில் உள்ளதை எடுக்க முடியாது. ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவது. வாய்க்காலுக்கு வாய்க்கால் போய், ஒவ்வொரு வாய்க்காலிலும் பாத்திக்குப் பாத்தி திறந்துவிடுகிறோம். அகரவரிசையில் உள்ள ஆயிரம் பெயர்களில் ஒன்றைத் தேடும்போது நடுப்பக்கத்தை விரித்து, முன்னுக்கா பின்னுக்கா என்று பார்த்துப் பாதியைத் தள்ளிவிடலாம். இப்படிப் பத்துத் தரம் செய்வதற்குள் பெயர் அகப்பட்டுவிடும். இதை விளங்கப்படுத்தத் தெரிந்தால் பாடம் உங்களுக்குச் சரியாகத் தெரியும் என்று அர்த்தம்.

மின்சாரம் இல்லை, மடிக்கணனி பழுது என்ற காரணங்களால் பழக்கத்தை விட்டுவிடத் தேவையில்லை. 2022 இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் கடதாசியில் எழுதிப் பழகிய பிள்ளைகள் உண்டு. வெண்பலகையில் எழுதும்போது பிழையைக் காட்டிக் கொடுக்கக் கணனி இராது என்பதால் கடதாசிப் பழக்கம் ஒருவகையில் நல்லதும்கூட. பழைய கலண்டரின் பின்பக்கம் போதும். அடிப்படையில் பலவீனமானவர்கள் ஹவாட் பல்கலைக்கழகத்தின் கணனி அறிமுகப் பாடநெறியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அது ஆங்கிலத்தில் உள்ளது, ஆங்கிலத்துக்கும் பயிற்சியாகும்.

2022 நவம்பரில் சற்ஜிபிரி வந்த பின்னர், கேட்டவுடன் செய்நிரலை எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன. கேள்வி கேட்கும் பரீட்சகராக அதை வைத்துப் பழகுவது நல்லதே. விடையை அதனிடம் வாங்கி இணையவழிப் பரீட்சையில் ஒட்டிவிட்டு வருபவர், "இந்த வரி ஏன்?" என்ற முதலாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

"நாங்கள்" அல்ல, "நான்"

ஆளைப் பற்றிய கேள்விகளை எமது பிள்ளைகள் இலேசாக எண்ணிவிடுகிறார்கள். சிரமமான ஒரு நிலைமையை எப்படிச் சமாளித்தீர்? உம்மால் ஏற்பட்ட ஒரு பிழையைச் சொல்லும். கூட வேலை செய்தவரோடு கருத்து வேறுபட்டபோது என்ன செய்தீர்? இவற்றுக்குப் பொதுவாகப் பதில் சொன்னால் எடுபடாது. நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்: நிலைமை என்ன, அதில் தன் பொறுப்பு என்ன, தான் செய்தது என்ன, கிடைத்த பலன் என்ன.

இந்த மகளிடம் அப்படி ஒன்று இருந்தது. ஊரிலுள்ள ஒரு சிக்கன கடனுதவுச் சங்கத்துக்கு, அங்கத்தவர்களின் தவணைப் பணத்தைக் கணக்கிட ஒரு சிறிய செய்நிரலை எழுதிக் கொடுத்திருந்தாள். வட்டியை மிச்சக் கடனுக்குக் கணக்கிடாமல் முழுக் கடனுக்கும் கணக்கிட்டுவிட்டது அது. பேரேட்டோடு ஒப்பிட்ட பொருளாளர் பிழையைப் பிடித்தார். அவள் திருத்தி, பழைய பேரேட்டிலுள்ள கணக்குகளை வைத்துச் சரிபார்க்கும் பகுதியொன்றையும் சேர்த்தாள். இதைவிட நல்ல விடை வேறென்ன வேண்டும்? ஆனால் அவள் சுயவிபரக் கோவையில் இதை எழுதியிருக்கவே இல்லை. "அது சும்மா ஊருக்குச் செய்தது" என்றாள். எழுதச் சொன்னோம்.

சொல்லிக் காட்டியபோது, "நாங்கள் செய்தோம், நாங்கள் திருத்தினோம்" என்றே சொன்னாள். எமது வழக்கம் அது. தனியே செய்ததையும் நாலு பேரோடு சேர்த்துச் சொல்வதே அடக்கம் என்று கற்றிருக்கிறோம். (இந்தக் கட்டுரையும் "நாம்" என்றுதான் பேசுகிறது!) பரீட்சகரோ அவள் என்ன செய்தாள் என்பதையே அறிய விரும்புகிறார். "நான் எழுதினேன், பொருளாளர் பிழையைக் காட்டினார், நான் திருத்தினேன்" என்று சொல்வது பெருமையடிப்பதாகாது.

இடம்பெயர்ந்ததைச் சொல்லலாமா என்று பல பிள்ளைகள் கேட்கிறார்கள். 2009 இல் மெனிக் பாம் கூடாரங்களுக்குள் எழுத்துப் படித்தவர்கள் இன்று இந்த வயதுக்கு வந்திருக்கிறார்கள். படிப்பில் வருடங்கள் தவறியிருக்கும். அதைப் பற்றிக் கேட்டால் ஒளிக்க வேண்டாம் என்பதே எமது எண்ணம். இரக்கத்தைக் கேட்பதுபோலச் சொல்லவும் வேண்டாம். எந்த வருடம், எத்தனை பாடசாலை மாறினேன், எந்தப் பரீட்சையை எப்போது எழுதினேன் என்று இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்பலாம். விரும்பாதவர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் அளவுக்கு மிஞ்சியது. அழகான ஆங்கிலத்தை அங்கே எதிர்பார்ப்பதில்லை. சிறிய வசனங்கள் போதும். கேள்வி விளங்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லும்படி கேட்பதற்கும், யோசிக்க ஒரு நிமிடம் கேட்பதற்கும், "இதைத்தான் கேட்கிறீர்களா" என்று உறுதி செய்வதற்கும் உரிய மூன்று ஆங்கில வசனங்களை வாய்ப்பாடமாக்கிக்கொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும்.

பணத்தைப் பற்றி

மகள் அறைக்குள் போன பின்பு தாய் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். இன்ரவியூவில் நிச்சயம் பாஸ் பண்ண வைப்பதாகச் சொல்லி ஒருவர் பெருந்தொகை கேட்டிருந்தார். காப்பை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்றோம். நேர்முகப் பரீட்சைக்கோ, வேலைக் கடிதத்துக்கோ ஒழுங்கான கம்பனி எதுவும் பணம் கேட்பதில்லை. பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை என்றே கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கணனி வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். தாய்லாந்தில் கணனி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களிற் சிலர் 2024 இல் மீட்கப்பட்டு நாடு திரும்பினார்கள். அப்படிப்பட்ட அழைப்புகளில் பரீட்சை மிக இலேசாக இருக்கும். கணக்கு ஒன்றும் கேட்கமாட்டார்கள். சுற்றுலா விசாவில் வரச் சொல்வார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று விசாரிக்காமல் கடவுச்சீட்டைக் கையிற் கொடுக்க வேண்டாம்.

பரீட்சை நாள்

கொழும்புக்குப் போவதென்றால் இரவு பஸ்ஸில் போய் இறங்கிய கையோடு பரீட்சைக்குப் போகாமல், முடிந்தால் முதல் நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் நித்திரை கொள்வது நல்லது. இணையவழிப் பரீட்சை என்றால் வீட்டிலே எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறது என்பதை அதே நேரத்தில் முன்னதாகவே பார்த்துவையுங்கள். மின்சாரம் நின்றால் கைத்தொலைபேசி மூலம் தொடர்வதற்கு ஒழுங்கு வேண்டும். இணைப்பு அறுந்தால் அறிவிப்பதற்குக் கம்பனியின் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வையுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குத் தண்ணீர் மோட்டரை நிறுத்துங்கள். சேவலையும் எங்கேனும் கட்டிவிடுங்கள்.

முதற் பரீட்சையிலேயே வேலை கிடைப்பது அரிது. மக்ஸ் ஹவல் என்ற பொறியியலாளர் எழுதிய ஹோம்பிரூ என்னும் மென்பொருளை உலகெங்கும் பொறியியலாளர்கள் பாவிக்கிறார்கள். மரவமைப்பு ஒன்றை வெண்பலகையில் புரட்டிக் காட்டத் தெரியாததால் கூகிளில் தன்னை எடுக்கவில்லை என்று அவரே 2015 இல் எழுதினார். பரீட்சை எப்போதும் ஆளைச் சரியாக அளப்பதில்லை. திரும்பி வந்த பிள்ளையிடம் "கிடைச்சதோ?" என்று படலையிலேயே கேட்காதீர்கள். சாப்பிட்ட பின்பு, என்ன கணக்குக் கேட்டார்கள் என்று கேளுங்கள்.

அந்த மகளைக் கொழும்புக் கம்பனி எடுக்கவில்லை. இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. காப்பு அடகு வைக்கப்படவில்லை. நாம் அடுத்த தரம் போனபோது வெங்காயம் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். கேட்கப்பட்ட மூன்று கணக்குகளையும் பஸ்ஸுக்குள் இருந்தே கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டைச் செய்து முடித்துவிட்டாள். மூன்றாவதைத் தாய்க்கு இரண்டு தரம் சொல்லியும் தாய்க்கு விளங்கவில்லை.

"அவவுக்கு விளங்கேல்லை எண்டால் எனக்கும் இன்னும் சரியாய் விளங்கேல்லை" என்றாள். இன்னொரு கம்பனியின் இணையவழிப் பரீட்சைக்குப் பதினொரு நாட்கள் இருந்தன.